உறுப்புக்கு உரியவர்

உடல் என்பது நாம் வைத்திருக்கும் ஒரு பொருளா, அல்லது நாமே அதுவா? குருமடத்து மெய்யியல் வகுப்பில் இவ்வினாவை எழுப்பி, பிளேட்டோவை ஒரு பக்கமும் அரிஸ்டாட்டிலை மறுபக்கமும் நிறுத்தி, மணியடிக்கும் வரை வாதிட்டுவிட்டு உணவறைக்குச் சென்றுவிடலாம். நோயாளியின் கட்டிலருகே அதே வினா வேறோர் உருவில் வந்து நிற்கிறது. மார்பில் புற்று கண்டிருக்கிறது, மார்பகத்தை அகற்றியாக வேண்டும் என்று மருத்துவர் கூறுகிறார். அகற்றப்படப்போகும் அவ்வுறுப்பு யாருடையது? "இதில் என்ன ஐயம்? அந்தப் பெண்ணுடையதுதான்" என்பீர்கள். நம் வீடுகளில் நடப்பதை உற்று நோக்கினால் விடை அவ்வளவு தெளிவாக இல்லை.

தென்காசியை அடுத்த இலத்தூரையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் எண்ணிப் பார்ப்போம். குளமும் நெல்வயலும் சூழ்ந்த பகுதி. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரல் இங்கும் வந்து முகத்தில் தெறிக்கும். வயல் வேலைக்குச் செல்லாத பெண்களில் பலர் திண்ணையில் அமர்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். இத்தகைய வீடொன்றில் ஒரு தாய் குளிக்கும்போது தம் மார்பில் ஒரு கட்டியைத் தொட்டுணர்கிறார். வலி இல்லை; ஆகவே சில மாதங்கள் எவரிடமும் சொல்வதில்லை. பிறகு சொல்கிறார். சதை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். முடிவைக் கேட்கக் கணவரும் கொழுந்தனும், சில வேளைகளில் உடன்பிறந்த அண்ணனும் உள்ளே செல்கின்றனர். அந்தத் தாய் வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். திரும்பி வந்தவர்கள், "சின்னக் கட்டிதான், எடுத்துட்டாச் சரியாயிரும்" என்கிறார்கள். திருநெல்வேலிக்குப் போவதா, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்திற்குப் போவதா, சென்னை அடையாறுக்கே போய்விடுவதா என்ற ஆலோசனை இரவில் முற்றத்தில் நடக்கிறது. எந்த வயலை ஒற்றி வைப்பது என்பதும் அங்கேயே பேசப்படுகிறது. அவர் அடுக்களையில் இருக்கிறார். பாத்திரம் கழுவும் ஓசை மட்டும் நின்றுபோயிருக்கிறது.

மறுநாள் நம்மிடம் வருகிறார்கள். "சாமி, ஆபரேசனுக்கு முன்னால வந்து ஜெபம் பண்ணணும். ஆனா புத்துன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிராதிய." பங்குப் பணியில் சில ஆண்டுகள் கழித்த குருக்கள் பலருக்கும் இவ்வேண்டுகோள் புதிதன்று.

இவ்வாறு கேட்பவர்களைக் கொடியவர்கள் என்று எண்ணிவிடலாகாது. அன்பினால் கேட்கிறார்கள். 'புற்று' என்ற சொல் காதில் விழுந்தாலே அவர் பாதி இறந்துவிடுவார் என்று அஞ்சுகிறார்கள். கிணற்றையும் அரளிக்காயையும் எண்ணி அஞ்சுவோரும் உண்டு. அவ்வச்சத்தை நாம் அலட்சியம் செய்ய முடியாது. ஆயினும் அவர்கள் நம்மிடம் கேட்பது என்ன? ஒரு பெண் தம் உடலின் ஒரு பகுதியை இழக்கப்போகிறார். அதை அவர் மயக்கம் தெளிந்து, கட்டைத் தடவிப் பார்த்தே அறிந்துகொள்ளட்டும் என்பதுதான். தமக்கு என்ன நேரப்போகிறது என்று அறியாத ஒருவர் எதற்கென்று உள்ளத்தை ஆயத்தப்படுத்துவார்?

புனித தோமா அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில், உறுப்பைச் சிதைத்தல் பற்றிய கேள்விக்குக் கூறும் விடை இங்கே எண்ணத்தக்கது. நோயுற்ற உறுப்பு முழு உடலையும் கெடுக்குமெனில், முழு உடலின் நலத்துக்காக அதை வெட்டி அகற்றலாம் என்கிறார். இதுவரை அனைவரும் நினைவில் வைத்திருக்கிறோம். 'முழுமையின் நலனுக்காகப் பகுதி' என்று தேர்வுக்காக மனனம் செய்ததும் இதைத்தான். ஆனால் அவர் அவ்விடத்தில் ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறார்: அவ்வுறுப்பு யாருடையதோ அவருடைய விருப்பத்தோடு அகற்ற வேண்டும். ஏனெனில் தம் நலத்தைப் பேணும் பொறுப்பு ஒவ்வொருவரிடமும் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பது அவர் தரும் காரணம். மயக்க மருந்தோ நோய்நுண்மவியலோ இல்லாத பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சொற்கள் இவை. கணவரின் விருப்பம் என்றோ, குலத்தலைவரின் விருப்பம் என்றோ அவர் எழுதவில்லை. 1952 செப்டம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவ அறிஞர்களிடம் பேசும்போதும் இதே வழியில் சென்றார். நோயாளி தம் உடலுக்குத் தனிப்பெரும் உரிமையாளர் அல்லர், அதைப் பேணிப் பயன்கொள்பவரே. என்றாலும் அவர் வழங்காத அதிகாரம் எதுவும் மருத்துவருக்கு அவர்மீது இல்லை என்றார். (பாவத்திற்குக் காரணமான கையை வெட்டிவிடச் சொல்லும் நற்செய்திப் பகுதியைச் சில செபக்கூட்டங்களில் இந்நோயாளிகளின் முன் வாசிப்பதாகக் கேள்விப்படுகிறோம். அது பாவத்தைப் பற்றிய பேச்சு. நோயுற்ற மார்பு எப்பாவமும் செய்யவில்லை.)

மருத்துவ உலகமும் இவ்வுண்மையை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. ஆங்கிலப் புதின ஆசிரியை ஃபேனி பர்னி 1811 செப்டம்பர் 30 அன்று பாரிசில் மார்பக அறுவைக்கு உட்பட்டார். கத்தியைப் பிடித்தவர் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே. மயக்க மருந்து ஐரோப்பாவை எட்டாத காலம். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே, 1804 இல், ஜப்பானில் ஹனோக்கா செய்ஷூ என்ற மருத்துவர் மூலிகைக் கலவையால் மயக்கமூட்டி மார்பகப் புற்றை அறுத்திருந்தார் என்பதை அங்கிருந்தோர் அறிய வழியில்லை. பர்னிக்கு அறுவை நாள் முன்னதாகச் சொல்லப்படவில்லை. சில மணி நேர அவகாசமே கிடைத்தது. அந்தச் சில மணி நேரத்தை அவர் என்ன செய்தார் என்பதே நம்மை வியக்க வைக்கிறது. கணவர் இதைக் காணாதபடி அவரை வீட்டிலிருந்து அகற்ற ஏற்பாடு செய்தார், அறையை ஒழுங்குபடுத்தினார். நடந்ததை ஒரு கடிதமாகத் தம் சகோதரிக்கு எழுதி முடிக்க அவருக்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆயின. அதன் பிறகும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1840 இல் மறைந்தார். அவ்வறையில் அவருடைய அலறல் இருந்தது. ஆனால் அறியாமை இல்லை.

மயக்க மருந்து வந்த பின் வலி போயிற்று. அதனுடன் வேறொன்றும் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், அமெரிக்கா போன்ற நாடுகளிலேயே, மார்பில் கட்டியுள்ள பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, கட்டியின் துணுக்கை உடனே பரிசோதித்து, புற்று என்று தெரிந்தால் அதே மேசையில் மார்பகத்தை அகற்றிவிடுவது வழக்கமாயிருந்தது. மார்பு இருக்குமா இராதா என்று தெரியாமல் உறங்கச் சென்றவர், விழித்த பின் அறிந்துகொண்டார். 1974 இல் ரோஸ் குஷ்னர் என்ற பெண் பத்திரிகையாளர் இதற்கு இணங்க மறுத்து, பரிசோதனை ஒரு நாள், அறுவை வேறொரு நாள் என்று வாதாடினார். 1979 இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழுவும் அதையே பரிந்துரைத்தது. குஷ்னர் அக்குழுவில் அமர்ந்திருந்தார். அவர் கேட்டது இடையிலே சில நாட்கள்; அழவும் கேள்வி கேட்கவும் முடிவெடுக்கவும் சில நாட்கள்.

நம் நாட்டில் இதே வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றது, வேறோர் உறுப்பைக் குறித்து. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த அவருடைய தாயின் சம்மதத்தைப் பெற்று மருத்துவர் அகற்றிவிட்டார். சமீரா கோலி வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில் 2008 சனவரியில் வந்த தீர்ப்பு, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயதுவந்து தெளிந்த அறிவுள்ள நோயாளியின் இடத்தில் வேறெவரும், பெற்ற தாயேயாயினும், சம்மதம் தர இயலாது என்றது. ஆகவே சம்மதத் தாளில் கணவர் கையொப்பமிட்டுவிட்டார் என்பதோடு காரியம் முடிவதில்லை. அத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டியவர் அந்தப் பெண்ணே. எதற்காக வைக்கிறோம் என்று அறிந்தே வைக்க வேண்டும்.

அப்படியானால் குடும்பத்தாரின் வேண்டுகோளுக்கு நாம் என்ன விடை சொல்வது? பொய் சொல்வதில்லை என்பது முதல் விடை. அவர்களுக்கு முன்னால் ஓடிச்சென்று உண்மையைப் போட்டு உடைப்பதும் இல்லை. அது மருத்துவரின் கடமை, குடும்பத்தின் கடமை. நாம் கட்டிலருகே அமர்ந்து, "அம்மா, டாக்டர் உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்?" என்று மட்டும் கேட்கலாம். கேட்டுவிட்டு வாய்மூடி இருக்க வேண்டும். பெரும்பாலும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். வீட்டார் மனம் நோகக்கூடாது என்று அவரும் தெரியாதவர்போல் நடித்துக்கொண்டிருப்பார். இருதரப்பாரும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட அன்பினால் ஒருவரையொருவர் தனிமையில் தள்ளியிருப்பர். நம் ஆண்டவர் கெத்சமனித் தோட்டத்தில் தமக்கு வரவிருப்பதை அறிந்திருந்தார், அறிந்து அஞ்சினார், அது தம்மைவிட்டு அகல வேண்டுமென வேண்டினார், நண்பர்கள் அருகே விழித்திருக்க வேண்டுமெனவும் விரும்பினார். நம் நோயாளிகளுக்கு இவற்றுள் எதையும் நாம் மறுக்கலாகாது.

புற்று என்றால் மரணம் என்ற எண்ணமே இம்மறைப்புக்கு வேர். 1923 இல் தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954 இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோது, குணமாகாத நோய்க்கு எதற்கு மருத்துவமனை என்ற எண்ணமே எங்கும் பரவியிருந்தது. அங்கே 1955 இல் சேர்ந்து, 2021 சனவரியில் மறையும் வரை அந்நிலையத்திற்கே வாழ்ந்த டாக்டர் சாந்தா, மருந்தோடு மக்களின் அச்சத்தையும் எதிர்த்து உழைத்தார். 2022 ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வாண்டு ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்தனர். இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணும் புற்று இதுவே. தொடக்கத்திலேயே வருவோரில் மிகப் பலர் குணமடைகின்றனர். நம் பெண்கள் பலர் காலந்தாழ்ந்தே வருகிறார்கள்; அச்சமும் நாணமும் அத்தாமதத்தில் பெரும்பங்கு வகிக்கின்றன.

உண்மை தெரிந்த பின் துயரம் வரும். அத்துயரத்தைப் பலர் தவறாக எடைபோடுகின்றனர். "பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாயிற்று, இனி அது எதற்கு?" என்று ஆறுதல் சொல்கிறார்கள், பெரும்பாலும் பெண்களே. இது ஆறுதல் அன்று. பிள்ளைகளுக்குப் பாலூட்டிய உறுப்பு, கணவனின் அன்பை அறிந்த உறுப்பு, பதின்பருவம் முதல் தம்மைப் பெண் என்று தமக்கே உணர்த்திய உறுப்பு போகிறதென்றால், அதற்காக அழுவது வீண்பெருமை ஆகாது. நம் தமிழ்க் காப்பியத்தில் கண்ணகி தன் இடமார்பைத் திருகி எறிந்தபோது மதுரை எரிந்தது. நம் திருச்சபையில் புனித ஆகத்தம்மாள் மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் மார்பு அறுக்கப்பட்டுத் துன்புற்றார் என்பது மரபு. பெப்ருவரி 5 அன்று அவரை நினைவுகூர்கிறோம். மார்பக நோயுற்றோர் அவருடைய பரிந்துரையை நாடுகின்றனர். காப்பியத்திலும் பீடத்திலும் வணங்குகின்ற ஒன்றை வீட்டிலே வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறோம். திருமணமாகாத பெண்ணுக்கும் இளவயதுப் பெண்ணுக்கும் இத்துயரம் இன்னும் கூர்மையானது. அவர்களை முன்னிட்டேனும், "உயிர் இருந்தால் போதாதா?" என்ற கேள்வியை நாம் கைவிடுவது நலம். உயிர் வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அறுவைக்கே இணங்குகிறார். அதை அவருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

எல்லாருக்கும் முழு மார்பகமும் அகற்றப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் மார்புத் தசையையும் சேர்த்து அகற்றினர். அவ்வளவு அகற்றுவதால் ஆயுள் கூடுவதில்லை என்று பெர்னார்டு ஃபிஷர் முதலியோர் 1970களில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. இன்று பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுத் தரலாம். ஆனால் கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் நாள்தோறும் செல்ல வேண்டும். இலத்தூரிலிருந்து திருநெல்வேலி 50 கிலோமீட்டருக்கும் மேல். பேருந்துச் செலவையும் இழக்கும் கூலியையும் கணக்கிட்டு, "முழுசா எடுத்துருங்க" என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். அதையும் சம்மதம் என்றே தாளில் எழுதுகிறோம். இவ்விடத்தில் நம் இறையியல் சற்றுத் திணறுகிறது.

பீடி சுற்றும் தாய் ஒருவர் தமது அறுவைக்குச் சில நாள் முன்பு நம்மிடம் கேட்டது ஒன்றே: "சாமி, எடுத்த பெறகு இந்தக் கை எனக்கு ஒதவுமா?" விண்ணகம் பற்றியோ மரணம் பற்றியோ அவர் கேட்கவில்லை. இது சிறிய கேள்வி அன்று. அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளையும் எடுப்பதால் தோள் இறுகலாம், கை வீங்கலாம். ஆகவே உடலை ஆயத்தப்படுத்துவது இங்கிருந்தே தொடங்குகிறது. அறுவைக்குப் பின் செய்ய வேண்டிய கைப்பயிற்சிகளை முன்னதாகவே மருத்துவமனையில் கேட்டுக் கற்றுக்கொண்டால், வலியின் நடுவே புதிதாகக் கற்க வேண்டியிராது. வெற்றிலையோடு புகையிலை போடுபவர் அதை விட வேண்டும். புண் ஆறுவதைப் புகையிலை தாமதப்படுத்துகிறது. சர்க்கரையும் இரத்தசோகையும் இருந்தால் முன்பே சீர்செய்ய வேண்டும். நாள்தோறும் சிறிது நடப்பதும், ஆழ்ந்து மூச்சிழுத்து விடுவதும் மயக்க மருந்தைத் தாங்க உதவும். சிலருக்கு முதலில் மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்கிய பின்பே அறுவை; அவர்களுக்கு ஆயத்தக் காலம் நீளும், முடியும் உதிரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் தேவை. அவற்றுக்காக அலைவதைக் குடும்பத்து ஆண்கள் ஏற்றுக்கொள்ளலாம். முற்றத்தில் அமர்ந்து முடிவெடுப்பதைவிட அது பயனுள்ள வேலை.

வீட்டையும் ஆயத்தம் செய்ய வேண்டும். பரணிலும் உயர்ந்த தட்டிலும் உள்ள பாத்திரங்களை இடுப்பளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். நிறைந்த குடம் ஒன்று 15 கிலோவுக்குக் குறையாது. சில வாரங்களுக்கு அதை வேறொருவர் தூக்க வேண்டும். நம் அன்பியங்கள் செபமாலையோடு இந்தக் குடத்தையும் எடுத்துக்கொண்டால் மிக நன்று. தளர்வான, முன்பக்கம் கொக்கி வைத்த இரவிக்கைகள் இரண்டு தேவைப்படும். தலைவழியே போடும் உடைகள் சில நாட்களுக்கு உதவா.

ஒரு சிறு செய்தி. அறுவைக்கு முன் நகைகளைக் கழற்றச் சொல்வார்கள், தாலியையும் சேர்த்து. இதை எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வாயிலருகே செவிலியர் கேட்கும்போது, மார்பை இழக்கத் துணிந்த பெண் அங்கே உடைந்துபோகிறார். முந்தின நாளே கணவர் தம் கையாலேயே அதைக் கழற்றி, தம் பையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னால் எவ்வளவோ நலம்.

நோயில் பூசுதலையும் இப்போதே பெறலாம். 'அவஸ்தை' என்று முன்னோர் அழைத்த காலத்து அச்சம் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. எண்ணெய்ச் சிமிழுடன் குரு வந்தால் கதை முடிந்தது என்று அக்கம்பக்கத்தார் கூடிவிடுகின்றனர். 1972 இல் புதுப்பிக்கப்பட்ட திருச்சடங்கு, கடும் நோயின் பொருட்டு அறுவைக்குச் செல்வோருக்கு முன்னதாகவே இவ்வருளடையாளத்தை வழங்கலாம் என்கிறது. நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறோம். அந்தக் கைகளைப் பற்றித்தான் அவர் கவலைப்பட்டார். இருமுறையும் "ஆமென்" சொல்ல வேண்டியவர் அவர். அதற்கும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அறுவை முடிந்தபின் மார்பின் ஓரத்திலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து சிறு குப்பியில் முடியும். உள்ளே ஊறும் நீர் அதில் வடியும். நாள்தோறும் எவ்வளவு என்று அளந்து எழுதிவைக்க வேண்டும். அளவு குறைந்ததும் குழாயை எடுத்துவிடுவர். குப்பியுடனே வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. பள்ளியில் படிக்கும் மகளோ மகனோ அதை எழுதும் பொறுப்பை ஏற்றால், பிள்ளைகளிடமிருந்து மறைக்கும் பாரமும் குறையும். கட்டுப் பிரிக்கும் முதல் நாளில் தழும்பைப் பார்க்க அவர் விரும்பலாம், விரும்பாமலும் இருக்கலாம்; அவசரப்படுத்தக்கூடாது. கணவர் என்றேனும் ஒருநாள் பார்த்தாக வேண்டும். முகத்தைத் திருப்பாமல் பார்க்க வேண்டும். உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயங்கள் மறைந்துபோகவில்லை. அவற்றை அவர் தோமாவுக்குக் காட்டினார், தோமா தேறினார். தழும்புள்ள உடல் குறைவுபட்ட உடல் என்ற எண்ணத்தை நாம் எங்கிருந்து பெற்றோம் என்பது ஆய்வுக்குரியது.

மார்பிலும் உள்கையிலும் மரத்துப்போன உணர்வு நீடிக்கலாம். இல்லாத மார்பு இருப்பதுபோல் அரிப்பதும் உண்டு. அது பைத்தியம் அன்று, நரம்புகளின் நினைவு. மருத்துவர் அனுமதித்த பின், சுவரில் விரல்களை நடக்கவிட்டு நாளுக்குச் சிறிது உயரமாக ஏற்ற வேண்டும். தம் கையாலேயே தலைவாரிக் கொண்டை போடும் நாள் ஒரு மைல்கல். அக்கையில் அரிவாள்மனை வெட்டோ, கருவேலமுள் கீறலோ பட்டால் உடனே கழுவி மருந்திட வேண்டும். வீக்கம் மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் வரலாம். பஞ்சோ துணியோ வைத்துத் தைத்த சிறு திண்டு இரவிக்கையின் வெறுமையை நிரப்பும். வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

பீடித் தட்டின் முன் அந்தத் தாய் மீண்டும் அமர்ந்தார். தொடக்கத்தில் நூறு, இருநூறு. இடையிடையே எழுந்து கையை மேலே தூக்கி இறக்கிவிட்டு அமர்வார். வீட்டாருக்கு எல்லாம் முடிந்துவிட்டது; அசனம் வைத்து நன்றித் திருப்பலியும் ஒப்புக்கொடுத்தாயிற்று. அவருக்கு முடியவில்லை. இந்நோயின் ஒரு வகைக்கு ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் நாள்தோறும் ஒரு மாத்திரை உண்டு. மறு மார்பை ஆண்டுக்கொருமுறை படமெடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கான தேதியை எழுதிய அட்டையைச் செபப் புத்தகத்தினுள் வைத்திருக்கிறார். அந்நாள் நெருங்கும்போது, இலத்தூர் விலக்கிலிருந்து காலை எத்தனை மணிக்குப் பேருந்து என்பதை இப்போது அவரே விசாரித்துக்கொள்கிறார்.